ஓர் இயற்கை அங்காடியும் மூன்று ஆண்டு வாடிக்கையும்

திருச்சியில் காவிரிப் பாலத்துக்குத் தெற்கே, பழைய வீடு ஒன்றின் திண்ணையையும் முன்னறையையும் சேர்த்து நடத்தப்படும் ஓர் இயற்கை அங்காடியில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகப் பொருள் வாங்கி வருகிறேன். இத்தகைய கடைகளைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை முதல் வருகையின் உற்சாகத்தில் எழுதப்பட்டவை. மரப்பலகை, மண்பானை, மஞ்சள்பை ஆகியவற்றின் அழகைச் சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து அந்தப் பொருள்களில் எவை அடுக்களையில் எஞ்சியிருந்தன என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுபவை. எது நிலைத்தது, எது போனது, ஏன் போனது என்ற கணக்கைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வகைக் கடை இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருப்பதால், பெயர் இல்லாமலும் இக்கணக்கு பயன்படும்.

கடையை நடத்துபவர் ஒரு பெண்மணி; துறையூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் அவர் குடும்பத்துக்கு மரச்செக்கு இருக்கிறது. முன்னறையின் இடப்பக்கம் அரிசி மூட்டைகள் வரிசையாக வாய் திறந்து நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் செருகியிருக்கும் சிலேட்டில் நெல்லின் பெயரும், விளைந்த ஊரும், அறுவடை மாதமும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். அறுவடை மாதத்தை எழுதிவைக்கும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெரிய அங்காடியின் பளபளப்பான பொட்டலத்தில் அடைத்த தேதி மட்டுமே இருக்கும். நெல் எப்போது அறுத்தது, எவ்வளவு காலம் கிடங்கில் கிடந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

முதல் மாதம் நான் செய்த தவறு, இக்கடைகளுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறுதான். ஒரே நாளில் வீட்டையே மாற்றிவிட எண்ணி, கருப்புக் கவுனி முதல் பூந்திக்கொட்டை வரை, மூங்கில் பல்துலக்கி முதல் வெட்டிவேர் நார் வரை 4,300 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாவது மாதம் அவற்றுள் பாதி பரணில் இருந்தது. குதிரைவாலிப் பொட்டலத்தில் வண்டு விழுந்திருந்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீர் நான்காம் நாளே புளித்து நாறியதால் சாக்கடைக்குப் போனது. பயன்படாமல் கெட்டுப்போகும் இயற்கைப் பொருளும் குப்பைதான். அதற்குப் பின் ஒரே ஒரு பொருளில் மட்டும் கவனம் செலுத்தினேன்; அது நிலக்கடலை எண்ணெய்.

இக்கடையின் மிகச் சிறந்த பொருள் எண்ணெய்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. நிலக்கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் வாகை மரச்செக்கில் ஆட்டப்பட்டு, பெரிய பாத்திரங்களில் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடியில் கசடு தங்கியபின் மேலாக வடித்து எடுக்கப்படுகின்றன. நல்லெண்ணெய்க்கு எள்ளுடன் கருப்பட்டி சேர்த்து ஆட்டும் வழக்கத்தை இவர்கள் விடவில்லை. பாட்டிலைத் திறந்தால் வறுத்த எள்ளின் மணத்துக்கு அடியில் மெல்லிய ஓர் இனிப்பு மணமும் எழும். அந்த மணம் எங்கள் வீட்டு இட்லிப் பொடிக்கு வந்த பிறகு, வேறு எண்ணெயைப் பிள்ளைகளே ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விலையைக் கேட்டுத் தயங்குபவர்களுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால், பருப்புக்கே 325 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கு விற்ற காசு அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும், ஆட்டுக்கூலியும் பாட்டிலும் வண்டி வாடகையும் மீண்டும் ஏற்றிவிடும். இக்கடையில் லிட்டர் 320 ரூபாய் என்பது அந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. தெருமுனையில் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று பலகை மாட்டி 200 ரூபாய்க்கு விற்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் இந்த எண்ணெய் எல்லாச் சமையலுக்கும் பொருந்தாது. சுத்திகரித்த கடலையெண்ணெய் சுமார் 230 பாகை செல்சியஸ் வரை புகையாமல் தாங்கும். சுத்திகரிக்காதது 160 பாகையை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும். வடை, அப்பளம் பொரிக்கும்போது வாணலியில் நுரைத்துப் பொங்கவும் செய்யும். தாளிக்கவும், தோசைக்கும், பொரியலுக்கும் இதற்கு நிகரில்லை. தீபாவளிப் பலகாரத்துக்கு நான் இதை வாங்குவதில்லை.

முதல் முறை சென்றபோது தூக்குவாளியைக் கொண்டுபோய் எண்ணெய் ஊற்றித் தரும்படி கேட்டேன். பாட்டி காலத்து வழக்கம் மீண்டது போல இருக்கும் என்ற ஆசைதான். “அக்கா, சில்லறையா ஊத்தி விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பாட்டில்ல தரேன், காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டாந்துருங்க” என்றார். கலப்படத்தைத் தடுக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதைத் தடை செய்திருப்பது உண்மைதான். அதற்கு இவர்கள் கண்ட வழி கண்ணாடி பாட்டில். அதற்கு 40 ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுக்கும்போது அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறார்கள்.

என் வீட்டில் பழக்கம் வேரூன்றியது இந்தப் பாட்டிலால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். 40 ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் எண்ணெய் தீர்ந்து, கழுவிக் கவிழ்த்த பாட்டில் அடுக்களை மேடையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு பாட்டில் சேர்ந்தால் அரிவாள்மனை வைக்க இடமிராது. அதை அகற்றுவதற்காகவே சனிக்கிழமை மாலை கடைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். போன இடத்தில் அரிசியும் வெல்லமும் வாங்கத் தோன்றும். சுற்றுச்சூழலைப் பற்றிய எந்த உரையும் மூன்று ஆண்டுகளாக என்னை வாரந்தோறும் வீட்டைவிட்டுக் கிளப்பியிராது. மேடையை அடைத்த பாட்டில் கிளப்பியது. தேங்காயெண்ணெய்க்கு மட்டும் இவர்கள் இன்னமும் நெகிழிப் பாட்டிலையே பயன்படுத்துகிறார்கள். மார்கழியில் உறைந்த எண்ணெயை இளக்க வாடிக்கையாளர்கள் சுடுநீரில் வைத்துக் கண்ணாடியை உடைத்துவிடுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வாயகன்ற சாடியில் தந்தால் கரண்டியாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லி ஓராண்டாகிறது.

இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் வாங்கிய கடலையெண்ணெயில் சிக்கு வாடை வந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது, முதலில் கிடைத்த பதில் “இயற்கை எண்ணெய்னா அப்படித்தான் இருக்கும்” என்பது. பாட்டிலை அவர் மூக்கருகே நீட்டிய பிறகுதான் வேறு பாட்டில் தந்தார். மாற்றித் தந்ததற்கு நன்றி, முதலில் சொன்ன பதிலுக்கு அல்ல. வண்டு, வாடை, கல், தூசு ஆகிய எல்லாவற்றுக்கும் ‘இயற்கை என்றால் அப்படித்தான்’ என்று சொல்லிவிடும் வழக்கம் இவ்வகைக் கடைகளில் பரவலாக இருக்கிறது. நிலக்கடலையில் இது வெறும் சுவைக்குறை மட்டுமல்ல. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாகும். சுத்திகரிப்பில் பெரும்பாலும் நீங்கிவிடும் அந்த நச்சு, செக்கு எண்ணெயில் தங்கிவிட வாய்ப்புண்டு. ஆகவே சொத்தைக் கடலையைப் பொறுக்கி நீக்கி ஆட்டுகிறார்களா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. நான் கேட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்குக்கே வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், போய்ப் பார்த்தேன். முறத்தில் புடைத்து, நான்கு பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊரில் செக்கு இருப்பதன் பயன், சந்தேகம் வந்தால் பேருந்து ஏறிப் போய்விடலாம் என்பதுதான்.

அரிசிக்கு வருகிறேன். எந்தக் காலத்திலும் எட்டுக்குக் குறையாத மரபு நெல் வகைகள் இங்கே இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, பூங்கார், காட்டுயானம், கருப்புக் கவுனி, சீரகச் சம்பா ஆகியவை அநேகமாக எப்போதும் கிடைக்கும். இவற்றை இன்று கடையில் கேட்டு வாங்க முடிகிறது என்பதற்குப் பின்னால், 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் போன்றோரின் உழைப்பு இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ விதைநெல் பெற்றுச் செல்லும் உழவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் அப்படித்தான் கைமாறிப் பரவின. இக்கடையின் அரிசியில் ஒரு பகுதி திருவாரூர்ப் பக்கத்து உழவர்களிடமிருந்து வருவது.

வாங்குவது வேறு, அன்றாடம் வடிப்பது வேறு. மாப்பிள்ளைச் சம்பாவை இரவே ஊறவைக்காவிட்டால் மறுநாள் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பதம் வராது. வேலைக்குப் போகும் வீட்டில் முந்தின இரவே நாளைய அரிசியை நினைப்பது எளிதன்று. வாரத்தில் மூன்று நாள் மறந்துபோயிற்று. மறந்த நாளெல்லாம் பொன்னி அரிசி உலையேறியது. கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தூயமல்லியை எடுத்துக் கொடுத்தார். வெள்ளையான, சன்னமான, ஊறவைக்கத் தேவையில்லாத அரிசி. சாம்பாருக்கும் ரசத்துக்கும் பொன்னியைப் போலவே குழைந்து கொடுக்கும். மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டு மதியச் சோறு அதுதான். மாப்பிள்ளைச் சம்பா ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சியாகத் தங்கிவிட்டது. முதல் நாளே கறுப்பும் சிவப்புமான அரிசியை விற்றுவிடாமல், தூயமல்லியிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அவருக்கும் தெரிந்த விஷயம்தானே, முன்பே சொல்லியிருக்கலாம்.

இந்த அரிசியை 5 கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். கிடங்கில் புகைமருந்து வைக்காத அரிசியில் வண்டு வரும். வசம்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டுவைத்தால் சற்றுத் தாமதமாக வரும், வராமல் போகாது. வந்துவிட்டால் நிழலில் உலர்த்திப் புடைக்க வேண்டும். சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி விரிசல் விட்டு, வடிக்கும்போது குருணையாகிவிடும்.

சிறுதானியத்தில் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. கொல்லிமலைச் சாமை என்று விற்கப்படுவது நன்றாக இருக்கிறது. வரகும் குதிரைவாலியும் பல முறை வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டு வந்தன. தவிட்டை முழுதும் நீக்கிவிட்டால், அதற்கென்று கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. தீட்டாததைக் கேட்டு வாங்கினால், தவிட்டின் எண்ணெய்ப் பசையால் இரண்டு மாதத்துக்குள் கசப்பு ஏறிவிடுகிறது. அரைக் கிலோ வீதம் வாங்குவதே வழி.

கருப்பட்டியில் இவர்களுடைய நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பதநீர் இறங்குவது ஏறத்தாழ மாசியிலிருந்து ஆடி வரைதான். அந்த மாதங்களில் காய்ச்சியதை வைத்துத்தான் ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும். தை மாதம் இருப்புத் தீர்ந்ததும் ‘கருப்பட்டி அடுத்த பருவத்துக்கு’ என்று சிலேட்டில் எழுதிவைத்துவிடுவார்கள். சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் எல்லா மாதமும் கிடைக்கும்போது, ‘இல்லை’ என்று எழுதிவைக்கும் கடையின் மேல் நம்பிக்கை கூடத்தான் செய்கிறது. ஒரு முறை இரண்டு வில்லைகளை உடைத்துக் காட்டினார். ஒன்றின் உட்புறம் மங்கலாக, மண் உடைவதுபோல் இருந்தது. மற்றதில் பொடிப்பொடியாகச் சர்க்கரைப் படிகம் மின்னியது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பெயரிலும் இந்த மின்னும் வில்லைகள் விற்கப்படுகின்றன என்று அவர் வருத்தப்பட்டார்.

குளியல், துப்புரவுப் பொருள்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். சீயக்காய்த் தூள் தரமானது. பூலாங்கிழங்கும் வெந்தயமும் ஆவாரம்பூவும் சேர்த்து அரைத்தது. எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும் நிலைத்தது. அலுவலக நாள்களில் அதை அலசி முடிக்க நேரமில்லை. பீர்க்கங்காய் நாரும், பாத்திரம் துலக்கும் தேங்காய் நாரும் இன்றுவரை தொடர்கின்றன. மூங்கில் பல்துலக்கி பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வருவது. அதைவிட வேப்பங்குச்சி அருகில் இருக்கிறது, அதையும் நான் ஒடிப்பதில்லை என்பது வேறு கதை.

என் முக்கியமான குறைக்கு வந்துவிட்டேன். பலகையில் ‘உள்ளூர் இயற்கைப் பொருள்கள்’ என்று எழுதியிருக்கும் கடையின் உள்ளறையில் இமயமலை இளஞ்சிவப்பு உப்பும், தென்னமெரிக்க வழிவந்த கினோவாவும் மெக்சிகோ வழிவந்த சியா விதையும் அடுக்கப்பட்டிருக்கின்றன. இளஞ்சிவப்பு உப்பு பாகிஸ்தானின் பஞ்சாபில் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படுவது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்பு எடுப்பதற்காக வேதாரண்யத்துக்கு நடைப்பயணம் புறப்பட்டது இதே திருச்சியிலிருந்துதான். அந்த ஊரில், கிலோ 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து அவ்வளவு தொலைவிலிருந்து உப்பு வாங்குவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கேட்டால், “கேக்குறாங்கக்கா, இல்லைன்னா வேற கடைக்குப் போயிடுறாங்க” என்கிறார். கடை நடத்துபவரின் நெருக்கடி புரிகிறது. பலகையில் உள்ள ‘உள்ளூர்’ என்ற சொல்லை அந்த அலமாரிக்காவது விலக்கி வைக்கலாம். உப்பைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் நேரடி உணவுக்கு அயோடின் சேராத உப்பை விற்க 2006 முதல் தடை இருக்கிறது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. இங்கே சாக்கில் வைத்து அளந்து தரும் கல்லுப்பில் அயோடின் சேர்த்ததற்கான எந்தக் குறிப்பும் இல்லை. ஊறுகாய்க்கு அதை வாங்குகிறேன். அன்றாடச் சமையலுக்குத் தூத்துக்குடியில் விளைந்து அயோடின் சேர்த்துப் பொட்டலமிட்ட உப்பைத்தான் மளிகைக் கடையில் வாங்குகிறேன்.

‘இயற்கை’ என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேட்டுப் பார்த்தேன். அரிசி தரும் உழவர் குழுவுக்கு ‘பிஜிஎஸ் இந்தியா’ என்னும் பங்கேற்பு உறுதியளிப்புத் திட்டத்தின் சான்றிதழ் இருக்கிறது; குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்றளிக்கும் முறை அது. நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் எந்தச் சான்றிதழும் இல்லை; “தெரிஞ்ச காடு, தெரிஞ்ச ஆளு” என்ற வாய்மொழிதான். தம் விளைச்சலைத் தாமே நுகர்வோரிடம் விற்கும், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிதழிலிருந்து விதிகள் விலக்களிக்கின்றன. பிறரிடம் வாங்கி விற்கும் கடைக்கு அது பொருந்தாது. எந்த மூட்டைக்குச் சான்று உண்டு, எதற்கு இல்லை என்பதையும் அதே சிலேட்டில் எழுதிவிட்டால், வாங்குபவர் தீர்மானித்துக்கொள்வார்.

பொட்டலம் கட்டுவதில் முன்னேற்றமும் பின்னடைவும் கலந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தபோது காகிதப் பைக்கு மாறினார்களாம். மழைக்காலத்தில் காகிதத்தில் ஈரம் ஏறுகிறது என்று, இப்போது சிறுதானியத்தை மட்டும் பழுப்புக் காகிதம் போலத் தோன்றும் உறையில் தருகிறார்கள். கிழித்துப் பார்த்தால் உள்ளே நெகிழிப் படலம் ஒட்டியிருக்கிறது. காகிதமும் அல்லாத, நெகிழியும் அல்லாத இந்த உறையைப் பழைய பொருள் வாங்குபவரும் எடுப்பதில்லை. டப்பா கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் அதன் எடையைத் தனியே போட்டுக் கழித்துத் தருகிறார்; சனிக்கிழமைக் கூட்டத்தில் மட்டும் இதற்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும்.

காய்கறியை இங்கே வாங்காதீர்கள். வாரம் ஒரு முறை வரும் கீரையும் கத்திரிக்காயும் வெள்ளிக்கிழமைக்குள் வாடிவிடுகின்றன. 1999இல் மதுரையில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய உழவர் சந்தை இங்கும் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனால் அன்று பறித்தது கிடைக்கும். அதற்கு ‘இயற்கை’ முத்திரை இல்லை என்றாலும், பறித்த கையிலிருந்தே வாங்கலாம், விலையும் குறைவு.

நால்வர் உள்ள எங்கள் வீட்டில் இக்கடையால் மாதச் செலவு 850 ரூபாய் அளவுக்கு ஏறியிருக்கிறது. பாட்டில் குளிர்பானமும் பொட்டலத் தீனியும் குறைந்ததில் அதில் ஒரு பகுதி சரியாகிறது. முழுவதும் சரியாகிறது என்று சொன்னால் அது பொய். கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும் வீட்டுக்கு இந்த 850 பெரிய தொகை. அவர்களிடம் போய்ச் செக்கு எண்ணெயின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது. ஒரே பொருளை மாற்ற முடியும் என்பவர்களுக்கு, எண்ணெயை மாற்றுங்கள் என்பேன். இரண்டு என்றால் தூயமல்லி. உள்ளறை அலமாரியின் பக்கம் திரும்ப வேண்டாம்.

கடை திங்கட்கிழமை விடுமுறை. செக்கிலிருந்து எண்ணெய் வியாழன் மாலை வந்து இறங்கும். வெள்ளிக்கிழமை போனால் கூட்டமும் குறைவு, புது எண்ணெயும் கிடைக்கும். காலிப் பாட்டிலைச் சூடான நீரில் கழுவி, ஒரு நாள் முழுவதும் கவிழ்த்து உலரவைத்துக் கொண்டுபோங்கள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்; அடியில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் வாங்கமாட்டார். என்னுடையதை இரண்டு முறை திருப்பிக் கொடுத்திருக்கிறார்.